எஞ்சினுக்குள் முறிந்த திருகாணி



மோட்டார்ப் பட்டறையில் பலவகையான ஓசைகள் எழும். சம்மட்டியின் அடி, காற்றழுத்த யந்திரத்தின் இரைச்சல், எஞ்சினின் உறுமல் என்று அவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் அனுபவமுள்ள மெக்கானிக் அஞ்சுவது இவை எதற்குமல்ல. மிகச் சிறிய ஓர் ஓசைக்கே அவன் அஞ்சுவான். இறுகிப்போன திருகாணியை ஸ்பேனர் கொண்டு தளர்த்திக்கொண்டிருக்கும்போது 'டக்' என்று ஓர் ஒலி கேட்கும். கை திடீரென்று லேசாகிவிடும். ஆணியின் தலை ஸ்பேனரோடு வந்துவிடும். உடல் எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிடும்.

இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அந்த வண்டி ஒரு வாடகைக் கார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் புகைக்குழாய் வாஷர் மாற்றுவதற்காக வந்த வண்டி மாலையில் ஓட்டத்துக்குத் திரும்பவேண்டும். ஓர் ஆணி முறிந்தது. அதை எடுக்கப் போய் மற்றொரு கருவி உள்ளே முறிந்தது. பிறகு சிலிண்டர் ஹெட்டையே கழற்றிக் கடைசல் பட்டறைக்கு அனுப்பவேண்டியதாயிற்று. அரைமணி வேலை மூன்று நாள் வேலையாகிவிடுகிறது. ஓட்டுநருக்கு மூன்று நாள் வருமானம் போகிறது. பட்டறைக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் மனஸ்தாபம் ஏற்படுகிறது. இறுதியில் பழி முழுவதும் ஸ்பேனரைப் பிடித்திருந்த சிறு பையன்மேல் விழுகிறது. உண்மையில் அந்தப் பையன் செய்த பிழை எவ்வளவு, துரு செய்த வேலை எவ்வளவு, அவசரம் செய்த நஷ்டம் எவ்வளவு என்பதை ஆராய்வது எல்லோருக்கும் பயன்படும். சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கும் வெளிமாநிலங்களில் பட்டறைத் தொழில் செய்யும் நம்மவர்களுக்கும் இது சமமாகவே உபயோகப்படும் என்று கருதுகிறேன்.

முதலில் திருகாணி என்பது என்ன என்று பார்ப்போம். பலர் அதை ஒரு முளை என்றே நினைக்கிறார்கள். அது முளையன்று, மிகவும் விறைப்பான ஒரு வில். அதை முடுக்கும்போது அது மயிரிழையளவு நீளுகிறது. நீண்ட உலோகம் மீண்டும் சுருங்க முயல்கிறது. அந்த முயற்சியே இரண்டு பாகங்களையும் ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கிறது. நாம் ஸ்பேனரில் செலுத்தும் பலம் முழுவதும் இந்த வேலைக்குப் போவதில்லை. ஏறத்தாழப் பாதி, ஆணியின் தலைக்கும் அதன் கீழுள்ள பரப்புக்கும் இடையேயுள்ள உராய்வில் செலவாகிறது. நூற்றுக்கு நாற்பது பங்கு மரைகளுக்கு இடையேயுள்ள உராய்வில் கழிகிறது. எஞ்சிய பத்துப் பங்குதான் ஆணியை நீட்டுகிறது. புதிய, சுத்தமான ஆணியின் கணக்கு இது. மரையில் துரு ஏறிவிட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. உராய்வு பன்மடங்கு பெருகுகிறது. நாம் செலுத்தும் பலத்தை மரை அசையவிடாமல் பிடித்துக்கொள்ள, ஆணியின் கழுத்து முறுக்கப்படுகிறது. முறுக்கைத் தாங்கும் எல்லை கடந்ததும் கழுத்து அறுந்துவிடுகிறது. பழைய ஆணியின் இரும்பு எவ்வளவு நல்லதாயினும் இதற்கு விலக்கில்லை.

ஆணி ஏன் இவ்வாறு இறுகிப்போகிறது? காரணங்கள் மூன்று. ஒன்று, துரு. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேலும் பெருகும். மரைகளுக்கு இடையிலோ இடம் மிகக் குறைவு. அந்த இடுக்கில் பெருகிய துரு ஆப்பு வைத்தாற்போல் அழுத்துகிறது. இரண்டு, உஷ்ணம். எஞ்சினின் புகை வெளியேறும் மேனிஃபோல்ட் பல நூறு டிகிரி வரை காய்ந்து, பிறகு குளிர்கிறது. ஒவ்வொரு நாளும் இவ்வாறு காய்ந்து குளிரும் ஆணியில் எண்ணெய்ப் பசை நிற்பதில்லை. துரு மட்டுமே நிற்கிறது. மூன்று, இரண்டு உலோகங்களின் உறவு. அலுமினியத்தில் இரும்பு ஆணி திருகப்பட்டு, இடையே ஈரமும் உப்பும் புகுந்தால், அங்கே ஒரு சிறிய மின்கலமே உருவாகிவிடுகிறது. அலுமினியம் அரிக்கப்பட்டு, வெண்மையான பொடி மரைகளை அடைத்துக்கொள்கிறது. கடற்கரை நகரங்களில் ஓடும் வண்டிகளில் இந்தத் தொல்லை அதிகமாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

எல்லா எஞ்சின்களும் ஒரே ஜாதியல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1957 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தில் உத்தரபாராவில் தயாரான அம்பாஸடர் காரைக் கல்கத்தாத் தெருக்களில் மஞ்சள் டாக்ஸியாக நம்மில் பலரும் கண்டிருக்கிறோம். அதன் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. பிற்காலத்துக் கார்கள் பெரும்பாலானவற்றில் ஹெட் அலுமினியத்தாலானது. முறிந்த ஆணி இவ்விரண்டில் எதனுள் இருக்கிறது என்பதைப் பொறுத்தே வைத்தியமும் மாறும்.

இனி, முறியாமல் காப்பது எப்படி என்று கவனிப்போம். நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட வருமுன் காப்பது நலம் அல்லவா? பழைய மேனிஃபோல்ட் ஆணியில் ஸ்பேனரை மாட்டுவதற்கு முன் செய்யவேண்டியவை சில உண்டு. வெளியே தெரியும் மரைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்யவேண்டும். இதனால், கழலும் நட்டு துருப்பிடித்த மரையில் மறுபடியும் சிக்கிக்கொள்ளாது. பிறகு, ஊடுருவும் எண்ணெயை வேரில் விட்டு ஓர் இரவு காத்திருக்கவேண்டும். காலையில் மீண்டும் எண்ணெய் விட்டு, ஆணியின் தலையில் சுத்தியலால் அளவாகச் சில தட்டுகள் தட்டவேண்டும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே அடியின் பலத்தைவிட அதனால் எழும் அதிர்வே வேலை செய்கிறது. துருவில் நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன. எண்ணெய் அவற்றின் வழியே இறங்குகிறது.

அதன் பிறகு ஸ்பேனரை மாட்டி, முதலில் தளர்த்தும் திசையில் அல்லாமல், முடுக்கும் திசையில் சிறிது அசைத்துப் பார்க்கவேண்டும். அசைந்தால் பாதி வெற்றி. பின்பு கால் சுற்று தளர்த்துவது, மீண்டும் சற்று முடுக்குவது, எண்ணெய் விடுவது என்று முன்னும் பின்னுமாகச் செல்லவேண்டும். கையில் தோன்றும் உணர்வே இங்கு வழிகாட்டி. தளரும் ஆணி 'கிரீச்' என்று ஓசையிட்டு ஒரே சீராக நகரும். முறியப்போகும் ஆணியோ ரப்பரைத் திருகுவதுபோல் வளைந்து கொடுக்கும். ஸ்பேனர் நகரும், ஆனால் விட்டதும் பின்னுக்கு வரும். அந்த உணர்வு தோன்றியவுடனே கையை எடுத்துவிடவேண்டும். அந்த நொடியில் நிறுத்துபவனே தேர்ந்த மெக்கானிக். 'இன்னும் ஒரு தம்' என்று நீளமான குழாயை ஸ்பேனரில் செருகி இழுப்பவன் அந்த 'டக்' ஓசையைக் கேட்பது நிச்சயம்.

சரி, ஆணி முறிந்தேவிட்டது. அப்போது செய்யவேண்டிய முதல் காரியம் ஒன்றும் செய்யாதிருப்பதுதான். பதறாத காரியம் சிதறாது. முறிந்த துண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று வெளிச்சம் வைத்துப் பார்க்கவேண்டும். அது பரப்புக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கலாம். பரப்போடு ஒட்டிச் சமமாக இருக்கலாம். அல்லது துளைக்குள்ளே ஆழ்ந்திருக்கலாம். இம்மூன்றுக்கும் வெவ்வேறு வழி.

மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அது அதிர்ஷ்டம். நீட்டிய பகுதியில் மரை நன்றாக இருந்தால், இரண்டு நட்டுகளை ஏற்றி ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டவேண்டும். பிறகு கீழ் நட்டை ஸ்பேனரால் தளர்த்தினால், ஆணி முழுவதும் சேர்ந்து திரும்பும். மரை கெட்டிருந்தால் ஆணியைக் கவ்விப் பிடிக்கும் ஸ்டட் கருவியைப் பயன்படுத்தலாம். சாதாரண இடுக்கியைக் கடைசியில்தான் தொடவேண்டும். அது வழுக்கி வழுக்கி, இருக்கும் உலோகத்தையும் மழித்துவிடும்.

இந்தக் கட்டத்தில் உஷ்ணம் பெரிய துணை. ஆனால் அதன் தன்மையை அறிந்து பயன்படுத்தவேண்டும். அலுமினியம் ஒரு டிகிரி உஷ்ணத்துக்குப் பத்து லட்சத்தில் சுமார் 23 பங்கு விரியும். எஃகு சுமார் 12 பங்குதான் விரியும். எனவே அலுமினிய ஹெட்டையும் அதிலுள்ள எஃகு ஆணியையும் சேர்த்துச் சூடாக்கினாலும், துளை ஆணியைவிட அதிகமாக அகலும். 8 மில்லிமீட்டர் ஆணியில், 150 டிகிரி உஷ்ணம் ஏறினால் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். கண்ணுக்குத் தெரியாத இந்த இடைவெளி, பிடிப்பைத் தளர்த்தப் போதுமானது. ஆனால் ஓர் எச்சரிக்கை. இரும்பு சூடேறினால் சிவக்கும், அலுமினியம் சிவக்காது. 660 டிகிரியில் அது எந்த அறிகுறியும் காட்டாமல் உருகிச் சரிந்துவிடும். ஆகையால் அலுமினியத்தில் கூர்மையான சுடரை ஓரிடத்தில் நிறுத்தவே கூடாது. மென்சுடரை அகலமாக வீசவேண்டும்.

வார்ப்பிரும்பில் நிலைமை வேறு. அதுவும் எஃகும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவதால், இரண்டையும் சேர்த்துச் சூடாக்குவதில் பயன் குறைவு. அங்கே ஆணியை மட்டும் சிவக்கக் காய்ச்சி, தானாக ஆறவிடவேண்டும். காயும்போது ஆணி விரிந்து, சுற்றிலும் உள்ள துருவை நசுக்கும். ஆறும்போது சுருங்கித் துருவிலிருந்து விலகும். இன்னும் சூடு தணியாத ஆணியின் வேரில் மெழுகுவர்த்தியைத் தொட்டால், உருகிய மெழுகு இடுக்கில் இழுக்கப்பட்டு மசகாக உதவும். சூடான வார்ப்பிரும்பின்மேல் தண்ணீர் ஊற்றுவது மட்டும் கூடாது, ஹெட் வெடித்துவிடும்.

ஆணி பரப்போடு சமமாக முறிந்திருந்தால், எல்லாவற்றிலும் சிறந்த வழி வெல்டிங். முறிந்த துண்டின்மேல் ஒரு வாஷரையும் அதன்மேல் ஒரு நட்டையும் வைத்து, நட்டின் நடுத்துளை வழியாக வெல்டிங் செய்து மூன்றையும் ஒன்றாக்கிவிடவேண்டும். இதில் இரட்டை லாபம் உண்டு. பிடித்துத் திருக ஒரு தலை கிடைக்கிறது. அதோடு ஆணி உள்ளிருந்து காய்ச்சவும் படுகிறது. சிவப்பு மறைந்தபின், முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தால், பெரும்பாலும் ஆணி வெளிவந்துவிடும். முதல் நட்டு பிய்ந்து வந்தால் சோர்வடையவேண்டாம். இரண்டாவது, மூன்றாவது முறை வெல்டிங் செய்யலாம். ஒவ்வொரு முறையும் காய்ந்து ஆறுவதால் பிடிப்பு தளர்ந்துகொண்டே வரும். அலுமினிய ஹெட்டில் மற்றொரு சௌகரியம்: எஃகு வெல்டிங் அலுமினியத்தோடு சேராது, ஆகவே ஆணி துளைச்சுவரோடு ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் இல்லை.

வெல்டிங் செய்வதற்கு முன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடவேண்டும். பெட்ரோல் குழாய்களை விலக்கி, சிந்திய எண்ணெயைத் துடைத்து, எஞ்சினின் திறந்த வாய்களை அடைத்து, தீயணைப்புக் கருவியை அருகில் வைத்துக்கொள்ளவேண்டும். ஊடுருவும் எண்ணெயும் தீப்பற்றும் என்பதை மறந்து, எண்ணெய் விட்ட கையோடு சுடரைப் பற்றவைத்தவர்கள் உண்டு. கண்ணுக்கு உரிய கண்ணாடி இல்லாமல் எந்த வேலையும் தொடங்கலாகாது. ஆணி முறிந்தால் வேறு ஆணி உண்டு. கண் போனால் வேறு கண் இல்லை.

துண்டு துளைக்குள் ஆழ்ந்துவிட்டால் துளையிட்டே எடுக்கவேண்டும். இங்கே வெற்றியும் தோல்வியும் முதல் புள்ளியில்தான் இருக்கின்றன. முறிந்த முகம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் டிரில் பிட் வழுக்கி, மென்மையான அலுமினியத்துக்குள் பாய்ந்துவிடும். ஆகவே, மரைத்துளைக்குள் நுழையும் வெளிவிட்டமும் 3 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட ஒரு சிறு எஃகுப் புஷ்ஷைக் கடைந்து வாங்கி, அதன் வழியாகத் துளையிடவேண்டும். முனை தானாகவே நடுவில் நிற்கும். கடைசல்காரருக்கு இது சில நிமிஷ வேலை. 3 மில்லிமீட்டரில் தொடங்கி, படிப்படியாகத் துளையை அகலமாக்கவேண்டும். இடப்பக்கமாகச் சுழலும் டிரில் பிட் கிடைத்தால் மிகவும் நல்லது. அது வெட்டும்போதே ஆணியைத் தளர்த்தும் திசையில் திருகுவதால், பல சமயங்களில் துண்டு தானாகவே மேலேறி வந்துவிடும். வராவிட்டால், 8 மில்லிமீட்டர், 1.25 மரை ஆணிக்கு 6.8 மில்லிமீட்டர் வரை துளையிட்டபின், மரைகளில் தங்கிய மெல்லிய சுருளைக் கூரிய கொக்கியால் பிரித்து எடுத்து, டாப் போட்டுச் சுத்தம் செய்யலாம்.

'ஈஸி அவுட்' என்று ஒரு கருவி உண்டு. பெயரைக் கேட்டால் சுலபமாக வெளிவரும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. கூம்பு வடிவான இந்த இடத்திருகுக் கருவியைத் துண்டில் இட்ட துளைக்குள் முடுக்கித் திருகுவார்கள். சற்றே யோசித்துப் பாருங்கள். 8 மில்லிமீட்டர் பருமனுள்ள ஆணியே திரும்ப மறுத்து முறிந்தது. அதன் நடுவில் இட்ட சிறிய துளைக்குள் நுழையும் மெல்லிய கருவி அதைவிட அதிகப் பலத்தைத் தாங்குமா? மேலும், கூம்பு இறங்க இறங்கத் துண்டு வெளிப்புறமாக விரிந்து, சுவரோடு இன்னும் இறுகுகிறது. அதிகமாக முடுக்கியதால் முறிந்த, துருப்பிடிக்காத ஆணிக்கு இந்தக் கருவி நல்லது. துருவால் இறுகி முறிந்ததற்கு அது ஆபத்து. அது உள்ளே முறிந்துவிட்டால், மிகவும் கடினமான எஃகாகையால் சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது. மூன்று நாள் வேலை என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதன் பிறப்பிடம் பெரும்பாலும் இதுதான்.

அந்த நிலைக்கும் மாற்று இல்லாமல் இல்லை. 1943-இல் சோவியத் நாட்டில் லசரென்கோ தம்பதிகள் என்ற விஞ்ஞானிகள், மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் முறையைக் கண்டனர். செம்பு அல்லது பித்தளைத் தண்டு ஒன்றைத் திரவத்தில் மூழ்கிய உலோகத்தின் அருகே கொண்டுவந்து, இடைவிடாமல் மின்பொறிகள் தாவச் செய்கிறார்கள். ஒவ்வொரு பொறியும் அணுவளவு உலோகத்தை உருக்கி அகற்றுகிறது. உலோகம் எவ்வளவு கடினமானது என்பது இந்தப் பொறிக்குப் பொருட்டல்ல. பெரிய தொழில் நகரங்களில் அச்சுக் கருவிகள் செய்யும் பட்டறைகளில் இந்த யந்திரம் இருக்கும். ஹெட்டைக் கழற்றி அங்கே எடுத்துச் சென்றால், துளைச்சுவர் கெடாமல் முறிந்த கருவியை எடுத்துக் கொடுப்பார்கள்.

துண்டு வந்தபின் துளையின் மரை சேதமுற்றிருந்தால், ஹெட்டை எறிந்துவிடவேண்டியதில்லை. துளையைச் சற்றுப் பெரிதாக்கி, தனி டாப்பினால் மரை வெட்டி, கம்பிச் சுருளாலான 'ஹெலிகாயில்' என்ற உறையை உள்ளே திருகலாம். பழைய அளவு ஆணியே அதில் பொருந்தும். அலுமினியத்தில் இந்த எஃகு மரை முன்னிருந்ததைவிட உறுதியாகவே நிற்கும்.

புதிய ஆணி வாங்கும்போதும் கவனம் தேவை. 1841-இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் மரைகளுக்கு ஒரு பொது அளவை வகுத்தார். அதன் கோணம் 55 டிகிரி. பின்னர் வந்த அங்குல மரைக்கும் மெட்ரிக் மரைக்கும் கோணம் 60 டிகிரி. பழைய அம்பாஸடரில் அங்குல அளவுகள். பிற்காலக் கார்களில் மெட்ரிக். 5/16 அங்குல ஆணி 7.94 மில்லிமீட்டர், பார்வைக்கு 8 மில்லிமீட்டர் ஆணிதான். ஆனால் மரையின் இடைவெளி வேறு. மாற்றித் திருகினால் இரண்டு மூன்று சுற்றில் இறுகி, பழைய கதை புதிதாய்த் தொடங்கும். டில்லியில் காஷ்மீரி கேட் சந்தைக்குப் போனாலும், வேறெங்கே போனாலும், பழைய ஆணியைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். நாம் மரை என்பதை ஹிந்தி பேசும் பட்டறைகளில் 'சூடி', அதாவது வளையல் என்பார்கள். மராத்தியில் 'ஆட்டே' என்பார்கள். கடைசல் யந்திரத்துக்கு ஹிந்தியில் 'கராத்' என்று பெயர். இச்சொற்களை அறிந்திருந்தால், வேண்டிய வேலையைச் சரியாகச் சொல்லி வாங்கலாம்.

மீண்டும் பூட்டும்போது, மேனிஃபோல்ட் ஆணிகளுக்குப் பித்தளை நட்டுகளைப் பயன்படுத்துவது நல்லது. பித்தளை எஃகோடு துருவால் பிணைவதில்லை. மரையில் உஷ்ணம் தாங்கும் பசையைச் சிறிது தடவலாம். ஆனால் பசை உராய்வைக் குறைப்பதால், அதே பலத்தில் முடுக்கினால் ஆணி அளவுக்கு மீறி நீண்டுவிடும், பலத்தைக் குறைக்கவேண்டும். நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறி மாறி, வண்டியின் கைப்புத்தகம் கூறும் அளவுக்கு, அளவு காட்டும் ஸ்பேனரால் முடுக்குவதே முறை.

இறுதியாக வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய எஞ்சினில் ஆணி முறிவது எப்போதும் மெக்கானிக்கின் குற்றமாகாது. வேலை தொடங்குமுன், 'எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்திருங்கள்; நான் நாளைக்கு வருகிறேன்' என்று நீங்களே சொல்லுங்கள். ஆணி முறிந்தால் என்ன முறையில் எடுப்பது, செலவை யார் ஏற்பது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. முறிந்த ஆணியைப் பையனுக்குக் காட்டி, எந்தக் கணத்தில் நிறுத்தியிருக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். வசவு வாங்கிய பையன் அடுத்த தடவை முறிவை மறைக்கப் பார்ப்பான். கற்றுக்கொண்ட பையன் அடுத்த ஆணியைக் காப்பாற்றுவான்.